பாக்தாதுக் கடிகாரத்தில் ஒரு நாவல் இலை

தகர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்காம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு அறுந்தது. அதன் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் தகரக் கத்தரிதான். தகரத்தில் நேர்கோடு போடச் சொன்னால் போடுவேன். காகிதத்தில் என் எழுத்துகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். பிழைகளும் இருக்கும். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். சந்தேகம் வந்த இடங்களில் மை கொட்டிவிட்டதுபோல் கொஞ்சம் கலங்கலாக எழுதியிருக்கிறேன். நீங்கள் சரியானதாக வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கண் மங்கிப்போய் நான் பட்டறையை விட்ட அன்று, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் தேநீரைக் குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாலு வார்த்தையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வெட்டுவதும் மடிப்பதும் பற்றவைப்பதும் உங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுப்பார். நாம் செய்த சாமான் ஊரார் கண்ணுக்கு முன்னால் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு அது ஒரே ஒரு முறை நடந்தது.

நோன்பும் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவும் ஒன்றாக வந்த வருஷம். அப்போது என் பட்டறை ரங்கூன் மொகல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எதிரே தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல். அதை ஒட்டி ஒரு கூடம். கூடத்தின் பின்ஜன்னல் எங்கள் சந்தைப் பார்த்திருக்கும். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் டோ மியா என்ற பர்மிய அம்மாள் மொஹிங்கா என்ற சேமியாச் சாப்பாடு விற்பார். அவர் அடுப்புப் புகையும் மீன் குழம்பு வாசனையும் நேராகப் பள்ளிவாசல் மாடிக்குப் போகும். நோன்பு நாளில் மாடியிலிருந்து மோதினார் சத்தம் போடுவார்.

"ஏம்மா, வயிறு காஞ்சு கெடக்குறவன் மூக்குக்கு நேரா ஊதுறியே, நியாயமா?"

"மூக்கை மூடு, மோதினார் பாய்! நோம்பு வாய்க்குத்தானே!" என்று டோ மியா கீழேயிருந்து பதில் கொடுப்பார். இது தினசரி நடக்கும்.

பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது மோதினாரின் வேலை. அந்த வருஷம் அவருக்கு இன்னொரு வருத்தமும் சேர்ந்திருந்தது. நாகூர்ப் பக்கத்திலிருந்து மார்க்கக் கல்வி படித்த ஓர் இளம் ஆலிம்சா கப்பலில் வந்திறங்கியிருந்தார். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும் வரை, இஸ்லாம் எப்படித் தோன்றியது, எப்படிப் பரவியது என்று அந்தக் கூடத்தில் தினமும் பேசினார். வேலை செய்துகொண்டே நானும் ஜன்னல் வழியாகக் கேட்பேன்.

முதல் நாள் மக்கா. தண்ணீர் இல்லாத பள்ளத்தாக்கு, வியாபாரக் கூட்டங்கள் தங்கிப்போகும் ஊர். அங்கே தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த நபிகள் நாயகத்துக்கு இறைவசனம் இறங்கியது, ஏழைகளும் அடிமைகளும் முதலில் வந்து சேர்ந்தது, ஊரார் கொடுமை தாங்காமல் மதீனாவுக்குப் போனது. அதைக் கேட்டுக்கொண்டே ஒரு வாளிக்கு அடி வைத்தேன். அடி கோணலாகிவிட்டது. அடுத்தடுத்து சிரியா, எகிப்து, பாரசீகம், மேற்கே ஸ்பெயின் பக்கத்து அந்தலூஸ். ஒரு நாள் கடல் வழி. காற்றைப் பார்த்துப் பாய் விரித்த அரபு வியாபாரிகள் குதிரையோடு நம் கரைக்கு வந்தார்கள், மிளகோடு திரும்பிப் போனார்கள். சிலர் திரும்பாமல் நம் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அன்றைக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சொந்தக்காரர் கதை அல்லவா! மற்ற நாட்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். பசியும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் கலீபாவே வந்து பேசினாலும் கண் சொருகும்.

"தொழுகைச் சட்டம் சொல்லாம ஊர்க்கதை பேசுறாரு. ஒரு தப்பு நடக்கட்டும், பெரியவங்ககிட்ட சொல்லி அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுடுறேன்" என்று மோதினார் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்களில் பாதிப் பேர் அவர் பக்கம்.

ஆலிம்சாவை வரவழைத்தவர் குடை வியாபாரம் செய்யும் ஒரு மரைக்காயர். உற்சாகமான மனிதர். ஒரு நாள் காலையில் ஆலிம்சாவையும் இழுத்துக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தார்.

"மேஸ்திரி, கடிகாரம் செய்யத் தெரியுமா?"

"வாளி, புனல், பெட்டி, பால் அளக்குற படி. இதுதாங்க தெரியும்."

"அப்போ பாதி தெரியும். இது தண்ணியில ஓடுற கடிகாரம்."

ஆலிம்சா ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பாக்தாதிலிருந்து ஆண்ட ஒரு கலீபா, மேற்கே வெகுதூரத்திலிருந்த பிராங்கிய ராஜாவுக்குப் பித்தளையில் ஒரு தண்ணீர்க் கடிகாரம் பரிசாக அனுப்பினாராம். மணிக்கு ஒரு பந்து தட்டில் விழுந்து ஒலிக்கும். பன்னிரண்டாவதில் கதவுகள் திறந்து குதிரை வீரர்கள் வெளியே வருவார்கள்.

"அந்த ராஜாவோட சபையே வாயைப் பொளந்துடுச்சாம்" என்றார் ஆலிம்சா. சொல்லும்போது அவர் வாயும் திறந்துதான் இருந்தது. "கடைசி நாள் பாக்தாதைப் பத்திப் பேசப்போறேன். அப்போ இது ஓடணும், மேஸ்திரி. கேட்டா மறந்துடுவாங்க, பார்த்தா மறக்க மாட்டாங்க."

"பித்தளைக்கு எங்கே போறது?" என்றேன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் சிரியத்துலேருந்து வர்ற மண்ணெண்ணெய் டின் போதும்" என்றார் மரைக்காயர். பாக்தாதின் பெருமை மண்ணெண்ணெய் வாசனையோடு ஆரம்பித்தது.

எப்படிச் செய்தேன் என்று விரிக்கப் போவதில்லை. மேலே ஒரு டின், கீழே உயரமான ஒரு டின். மேலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே நிரம்ப நிரம்ப, ஒரு மிதவை ஏறும். மிதவையின் கம்பி ஒரு கொக்கியைத் தூக்கும். கொக்கி ஒவ்வொரு பந்தாகத் தாம்பாளத்தில் உருட்டிவிடும். அவ்வளவுதான். குதிரையில்தான் தகராறு வந்தது. பள்ளிவாசல் பக்கத்தில் உயிருள்ள உருவம் கூடாது என்றார் மோதினார். நான் வெட்டி வைத்திருந்த குதிரையை மரைக்காயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உயிர் எங்கே இருக்கு? குதிரையே இல்லையே இது!" என்றார்.

கழுதை மாதிரிதான் வந்திருந்தது. கடைசியில் குதிரைகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரீச்சங்குலைகள் வெட்டினேன். பசித்திருப்பவர்களுக்குக் குதிரையைவிட அது மேல்.

பட்டறையில் பல நாள் ஓட்டிப் பார்த்தேன். அசர் முடிந்து திறந்துவிட்டால், பன்னிரண்டாவது பந்து சூரியன் மறையும் நேரத்துக்குச் சரியாக விழுந்தது. வேடிக்கைக்குத்தானே என்று நிம்மதியாக இருந்தேன்.

கடைசி நாள் வந்தது. அன்று தண்ணீர்த் திருவிழாவும் உச்சத்தில் இருந்தது. தெருவில் மேளம், கூச்சல், வாளி வாளியாகத் தண்ணீர். கூடம் நிரம்பி வழிந்தது. கடிகாரத்தைப் பின்ஜன்னலுக்கு முன்னால் மேடையில் வைத்து, நடுவில் ஒரு திரை கட்டியிருந்தோம். கூட்டத்துக்குத் தாம்பாளமும் கதவுகளும் தெரியும். டின்களும் நானும் திரைக்குப் பின்னால். மரைக்காயர் அழகுக்காகக் கீழ் டின்னுக்கு ஒரு மல்லிகை மாலை வேறு சுற்றியிருந்தார்.

தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் மரைக்காயர் எழுந்து, யாரையும் கேட்காமல் ஒரு அறிவிப்புச் செய்தார்.

"இன்னைக்கு நோம்பு தொறக்கிறது இந்தக் கடிகாரச் சத்தத்துல! பன்னெண்டாவது பந்து விழுந்ததும் பேரீச்சம்பழத்தை வாயில போடுங்க!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆலிம்சாவின் முகம் வெளுத்தது. மோதினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படியா? அப்போ பாங்கையும் அந்தத் தகரமே சொல்லட்டும்!" என்று மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

ஆலிம்சா திரைக்குப் பின்னால் தலையை நீட்டினார். "மேஸ்திரி, சரியா அடிக்கும்ல? முன்னாடியே அடிச்சுட்டா இத்தனை பேர் நோம்பும் வீணாயிடும்."

"அடிக்குங்க. யாரும் தொடாம இருந்தா."

யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் நான் ஒருவன்தான். முதல் பந்து விழுந்தது. ஆலிம்சா பேச ஆரம்பித்தார். கிரேக்கர்களின் நூல்களைத் தேடித் தேடி அரபு மொழிக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டு எண்களை எடுத்துக்கொண்டுபோய்க் கணக்கை வளர்த்து உலகத்துக்கே கொடுத்தது. சீனர்களிடம் கற்ற காகித வேலையால் பாக்தாதில் புத்தகக் கடைகள் ஒரு தெருவையே அடைத்தது. பந்துகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. யாரும் தூங்கவில்லை. ஏழாவது பந்து விழுந்தபோது எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

அப்போது முதுகில் ஜில்லென்று தண்ணீர் வழிந்தது.

திரும்பினேன். ஜன்னலில் டோ மியா. கையில் வெள்ளிக் கிண்ணம், தண்ணீரில் மிதக்கும் நாவல் கொழுந்து, முகமெல்லாம் சிரிப்பு. திருவிழாவில் பெரியவர்களுக்கு மரியாதையாகத் தண்ணீர் வார்ப்பது அவர்கள் வழக்கம். நான் துண்டைத் தேடிக் குனிந்தேன். அந்த நேரத்தில் அவர் கண் கீழ் டின்மேல் விழுந்தது. மாலை போட்டிருக்கிறது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முன்னால் ஒருவன் வாய் பேசாமல் கை கட்டி உட்கார்ந்திருக்கிறான். அந்த நாட்களில் புத்தர் சிலைக்கு நீராட்டுகிறவர் வேறு என்ன நினைப்பார்? கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே டின்னுக்குள் வார்த்துவிட்டார்.

மிதவை துள்ளியது. டங், டங், டங்! மூன்று பந்துகள் ஒன்றாக விழுந்தன. கம்பி வளைந்து கொக்கி தொங்கியது. அடுத்த பந்து உருள்வதற்குள் விரலைக் கொடுத்துப் பிடித்துவிட்டேன். இரண்டே பந்துகள் பாக்கி. வெளியே எதிர்மாடிச் சுவரில் இன்னும் மஞ்சள் வெயில்.

கூட்டம் கைதட்டியது. அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். சிலர் பழத்தைக் கையில் எடுத்தும்விட்டார்கள். திரையின் ஓரத்தில் ஆலிம்சா என் முகத்தைப் பார்த்தார். நோன்பு வாயால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் கப்பல். அவர் சட்டென்று பாக்தாதின் மருத்துவமனைகளுக்குத் தாவினார். அங்கே நோயாளிகளைத் தூங்கவைக்க இசை வாசித்தார்களாம். அதை மிக மிக விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு முதலில் தோன்றியது, எப்படியாவது கம்பியை நிமிர்த்தி என் கடிகாரத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதுதான். உங்களுக்கும் அதுதான் தோன்றும். விரலை எடுத்திருந்தால் இரண்டு பந்தும் விழுந்திருக்கும், கூடம் முழுக்கப் பழத்தை விழுங்கியிருக்கும். ஆகவே மனசுக்குள் ஒரு வரிசை போட்டேன். நோன்பு முதலில். ஆலிம்சா அடுத்து. என் தகரம் கடைசி. வேறு வழி இல்லாவிட்டால் திரையை விலக்கி, கடிகாரம் கெட்டுவிட்டது என்று அத்தனை பேர் முன்னாலும் கத்துவது. என்னைப்போன்ற ஒருவனுக்கு அது கடலில் குதிப்பதற்குச் சமம். ஆனாலும் முடிவு செய்துவிட்டேன்.  அதன் பிறகுதான் மூளை நகர்ந்தது.

"டோ மியா!" என்று கிசுகிசுத்தேன். "நீங்க ஊத்தினது சாமி இல்ல. கடிகாரம்!"

"அமலே! கடிகாரத்துக்கு ஏன் மாலை போட்டே, கோ முத்து?" முத்து நான்தான்; 'கோ' பர்மியர்கள் மரியாதைக்குச் சேர்ப்பது.

"அதை அப்புறம் சொல்றேன். சூரியன் மறையிறதுக்கு முன்னாடி இந்தப் பந்து விழுந்தா எல்லார் நோம்பும் போச்சு. என்னால விரலை எடுக்க முடியாது. மோதினார் மேல இருக்காரு. சூரியன் எப்போ மறையுதுன்னு அவர்தான் சொல்லணும். கேளுங்க."

"அவரா? என்கிட்டயா?" என்றார். ஆனால் போனார். தெருவில் மேளச் சத்தம். உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"மோதினார் பாய்! கடிகாரம் செத்துப்போச்சு! நான்தான் கொன்னேன்!"

 "தகரம் படுத்துடுச்சா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தக் குரலில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கோ முத்து விரலால பிடிச்சிருக்கான். நீ சூரியனைப் பார்த்துச் சொல்லணுமாம்."

"நான் ஏன் சொல்லணும்? அவங்க கலீபாவைக் கேட்கட்டும்!"

 மோதினார் சும்மா இருந்தாலே போதும், அவர் ஆசைப்பட்டது நடந்துவிடும். ஆலிம்சா அடுத்த கப்பலில்.

"உள்ளே எல்லாரும் பழத்தைக் கையில வச்சிருக்காங்க, பாய்" என்றார் டோ மியா. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "பாவம், ரொம்பப் பசி."

மாடியில் துண்டை உதறும் சத்தம் கேட்டது.

"நீ ஜன்னல்கிட்ட நில்லு" என்றார் மோதினார். "நான் துண்டை வீசுறேன். அதுக்கு முன்னாடி பந்து விழுந்துச்சு, அந்த மேஸ்திரி விரலை நறுக்கிடுவேன்னு சொல்லு."

விரல் மரத்துப்போனது. வெகுநேரம் பந்து விழாததால் கூட்டத்தில் சலசலப்பு. "அடிக்க மறந்துடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். ஒரு பருத்த கடைக்காரர் பழத்தை உதட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது திரையின் கிழிசல் வழியாகத் தெரிந்தது. சுவரில் வெயில் ஓடு வரைக்கும் ஏறியதும், ஒரு பந்தை மட்டும் நழுவவிட்டேன். டங். பதினொன்று. சலசலப்பு அடங்கியது. ஆலிம்சா இசையை முடித்துவிட்டு நட்சத்திரங்களுக்குப் போனார். அரபு மொழியில் எத்தனை நட்சத்திரங்களுக்குப் பெயர் உண்டோ அத்தனையையும் சொல்வார் போலிருந்தது.

திடீரென்று முகத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் அறைந்தது.

மாடியிலிருந்து துண்டு விழுந்ததும், சத்தம் போடக்கூடாது என்று டோ மியாவுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எப்படிச் சொல்வார்? விரலை எடுத்தேன். டங்! கதவுகள் பன்னிரண்டும் படபடவென்று திறந்தன, பேரீச்சங்குலைகள் மின்னின. அதே மூச்சில் மாடியிலிருந்து மோதினாரின் பாங்கு எழுந்தது. கோபமெல்லாம் அவருக்கு நினைவில்லை.

"பாங்கும் பந்தும் ஒண்ணா! இம்மி பிசகல!" என்று மரைக்காயர் கண்ணீர் விட்டார். வாயில் பழம் இருந்ததால் அதற்குமேல் பேச முடியவில்லை.

தொழுகை முடிந்து ஆலிம்சா ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியோடு திரைக்குப் பின்னால் வந்தார். நான் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கீழ் டின்னுக்குள் பார்த்தார். இரண்டு விரலால் எதையோ எடுத்தார்.

"மேஸ்திரி, பாக்தாதுக் கடிகாரத்துல நாவல் இலை எப்படி வந்துச்சு?"

சொன்னேன். கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பில் பாதிக் கஞ்சி கீழே போயிற்று.

அதற்குள் மரைக்காயர் ஓடிவந்தார். "பெருநாள் வரைக்கும் தினமும் இதுலதான் நோம்பு தொறக்கணும்! அப்புறம் சிரியம், க்யிம்யிண்டைங், எல்லா ஊருக்கும் கொண்டுபோகணும்!"

எனக்கு விரல் மறுபடி மரத்தது. பின்னால் நின்ற மோதினார் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் ஆலிம்சாவின் கதை முடிந்தது. ஆனால் திறந்தால் தன் துண்டின் கதையையும் சொல்லவேண்டும். அதோடு, இம்மி பிசகவில்லை என்று ஊரே புகழ்வது தன் கண்ணைத்தான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். மனிதர் அந்தச் சுகத்தை விடுவாரா?

"காக்கா," என்று மரைக்காயரை அண்ணன் முறையில் அழைத்தார் ஆலிம்சா. "கலீபா தன் கடிகாரத்தைப் பக்கத்துல வச்சுக்கல. வேற மார்க்கத்துல இருந்த ஒருத்தருக்குப் பரிசாக் கொடுத்துட்டாரு. நாமும் கொடுத்தாத்தான் கதை முழுசாகும்."

"யாருக்கு?"

ஆலிம்சா ஜன்னலைக் காட்டினார். டோ மியா மாங்காய்க்கு உப்புத் தொட்டுக்கொண்டிருந்தார்.

மரைக்காயர் திகைத்தார். "சரியான ஆளுதான்! உடனே கொடுங்க!" என்று முதலில் குரல் கொடுத்தவர் மோதினார். ஆலிம்சா சொன்ன ஒன்றுக்கு அவர் தலையாட்டியது அன்றைக்குத்தான் தொடங்கியது. அடுத்த கப்பலும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. ஆலிம்சா இன்னும் ரங்கூனில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

கடிகாரத்தின் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தேன். டோ மியா அதைத் தன் கடைமுன் வைத்து, வழிப்போக்கர்கள் குடிக்கத் தண்ணீர் நிரப்பினார். விடியற்காலையில் ஒரே குடமாகக் கவிழ்ப்பார். பன்னிரண்டு பந்தும் ஒன்றாக விழும். தெருவே எழுந்துவிடும். "எனக்கு முன்னாடி அந்தத் தகரம் பாங்கு சொல்லுது" என்று மோதினார் இன்றும் மாடியிலிருந்து புகார் செய்கிறார். பந்துகளை எடுத்துவிடட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்று என்மேல் பாய்ந்தார்.

இவ்வளவுதான் தம்பிகளே. உங்கள் சாமான் கெடும். கெடாத சாமானை நான் பார்த்ததில்லை. கெட்ட அன்று, அதை நம்பி உட்கார்ந்திருப்பவர்களை முதலில் பாருங்கள், சாமானைப் பிறகு பார்க்கலாம். உங்களைப் பிடிக்காத ஆளிடம்தான் உதவி கிடைக்கும் என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் டோ மியாவை அனுப்புங்கள். எதைச் செய்தாலும் மாலை மட்டும் போடாதீர்கள்.

ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் பள்ளிவாசலிலிருந்து எனக்கு ஒரு தூக்குக் கஞ்சி வருகிறது. கொண்டுவருகிறவர் மோதினார். வாசலில் நின்றபடியே, "விரல் இருக்கா, மேஸ்திரி?" என்பார்.  விரலைத் தூக்கிக் காட்டுவேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

ரங்கூன்,
1929-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.